யாரைக் கூப்பிட்டாள் மணிமேகலை

மணிமேகலைக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள், அதில் சந்தேகமில்லை. எந்தச் சாமியிடம் வேண்டிக்கொண்டாள் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். பழனி அடிவாரத்தில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசை அவளுடையது. சாவியை நீட்டும்போதே "முடி குடுக்க வந்தீங்களா, காது குத்தா?" என்று கேட்பாள். முடி மண்டபம் எந்தப் பக்கம், மலையேற்றும் வின்ச் ரயிலில் எப்போது கூட்டம் குறையும், கைக்குழந்தையோடு வந்தவர்கள் எந்த வழியாக ஏறினால் நல்லது என்று எல்லாம் சொல்லி அனுப்புவாள். ஊரார் வேண்டுதலுக்கெல்லாம் வழி சொல்கிறவள் தன் வேண்டுதலுக்கு வழி தெரியாமல் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

அவள் பிறந்தது கொடைக்கானல் மலைமேல், பூண்டியில். அப்பா சுப்புராஜ் வெள்ளைப்பூண்டும் கேரட்டும் போட்டவர். கல்யாணமாகிப் பழனிக்கு வந்தபோது முதலில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது வெயில்தான். அப்புறம் எல்லாம் பழகிவிட்டது. கணவன் வேல்ராஜ் வேன் டிரைவர். பக்தர்களைப் பழனியில் சாமி கும்பிட வைத்து, மறுநாள் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவது அவன் தொழில். அந்த மலைப்பாதை வீட்டு முற்றம் மாதிரி என்பான்.

அந்த முற்றத்தில்தான் ஒரு மழைநாளில் அவன் வேன் உருண்டது. ஆட்களை மேலே இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு இறங்கிக்கொண்டிருந்தான். மரங்கள் தடுத்ததால் உயிர் தங்கியது. திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மணிமேகலை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் மாமியார் பாப்பம்மாள். இன்னொரு பக்கம் தம்பி ஜெயமுருகன். வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு கொண்டுபோனவன், சேதி கேட்டு அப்படியே வந்திருந்தான். அவன் சட்டையெல்லாம் பூண்டு வாசம்.

டாக்டர் வெளியே வந்து, "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் அது நடந்தது. அவள் தன் கூந்தலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். மொட்டை போட்டுக்கிறேன், இந்த முடியை எடுத்துக்கோ, அவரைக் குடுத்துடு. பிடரியில் முடி இழுபட்ட வலிகூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கூப்பிட்ட பெயர் மட்டும் ஞாபகம் இல்லை.

வேல்ராஜ் பிழைத்தான். இடுப்பில் கம்பி, காலில் தகடு. வீட்டுக்கு வந்த மறுவாரமே பாப்பம்மாள் ஆரம்பித்தாள்.

"ஏத்தா மேகலை, பழனி ஆண்டவனுக்கு முடி தரேன்னு சொன்னீல்ல. மலைக்குப் போயிட்டு வந்துருவோமா?"

பக்கத்தில் இருந்த ஜெயமுருகன், "இல்லத்தே, அக்கா வேண்டிக்கிட்டது எங்க மலையில பூம்பாறை வேலப்பருக்கு. வேலப்பான்னு கூப்பிட்டுச்சு, நான்தான் பக்கத்துலயே இருந்தேனே" என்றான்.

"நான் மட்டும் பஸ் ஸ்டாண்டுலயா இருந்தேன்? ஆண்டவான்னுதான் சொன்னா."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வேல்ராஜுக்கு மாத்திரை எடுக்க எழுந்து போனாள்.

யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்தது. ரெண்டும் முருகன்தானே, எங்க குடுத்தா என்ன. அவளுக்கு அது போதவில்லை. ஒன்றுதான் என்றால் எதற்கு ஆயிரம் மைல் தாண்டி இங்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள்? அவரவர் ஊரிலேயே கொடுத்துவிட்டுப் போகலாமே. வாய்விட்டு ஒரு இடத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வேறு இடத்தில் கொடுத்தால் அது சொன்னபடி ஆகாது என்று தோன்றியது. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உயிர் போகிற பயத்தில் தன் வாயில் வந்தது பிறந்த ஊர்ச் சாமியா, வாழ வந்த ஊர்ச் சாமியா? இத்தனை வருஷம் கழித்தும் தான் எந்த ஊர்க்காரி என்பது அவளுக்கே தெரிந்தாக வேண்டும்போல இருந்தது.

இப்படியே தள்ளிப்போனது. வேல்ராஜ் ஊன்றுகோலை விட்டான். பிறகு நொண்டுவதும் குறைந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "வெள்ளிக்கிழமை கொடைக்கானல் டிரிப் ஒண்ணு வந்துருக்கு. ஒத்துக்கிட்டேன்" என்றான்.

மணிமேகலைக்குக் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. அந்தப் பாதையில் அவன் மறுபடி வண்டி ஓட்டுவதற்கு முன்னால் இந்தப் பாக்கி தீர்ந்தாக வேண்டும். அன்று திங்கட்கிழமை. அவள் மனசுக்குள் செவ்வாய் என்று முடிவு செய்தாள். ஏன் பூம்பாறைக்கு முதலில் போக நினைத்தாள் என்று கேட்டால், பழனிமலை கூப்பிடுகிற தூரத்தில் இருக்கிறது, நினைத்தால் ஏறலாம். தூரத்தில் இருப்பதை முதலில் பார்த்துவிடுவோம் என்பதுதான். நேரில் போய் நின்றால் தெரிந்துவிடும் என்றும் ஒரு நினைப்பு.

வேல்ராஜின் ஸ்பிளெண்டர் பைக் இப்போது அவள் கையில்தான் இருந்தது. அவன் படுக்கையில் கிடந்த மாதங்களில், ஆயக்குடி ரோட்டில் கொய்யாத் தோப்புகளுக்கு நடுவே தானாகவே ஓட்டிப் பழகினாள். இரண்டு தடவை விழுந்தாள். ஆனால் மலை ஏறியதில்லை.

"நாளைக்குப் பூண்டிப் பக்கம் ஒரு சோலி இருக்கு. சாயங்காலம் வந்துருவேன்."

"வண்டியிலயா? தனியாவா?"

"ஆமாங்க."

 வேல்ராஜ் என்ன யோசித்தானோ, எழுந்து போய்த் தன் பழைய ஜெர்கினை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். "எறக்கத்துல ரெண்டாவது கியர்லயே வா. பிரேக்கைப் போட்டு மிதிக்காத." அவ்வளவுதான் சொன்னான்.

வெள்ளனே கிளம்பினாள். சோதனைச்சாவடியில் ஒரு காவலர் பையைப் பார்த்து, மலையில் தடை என்று பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார். அதைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. முதல் சில வளைவுகளில் வண்டி திணறியது. பிறகு வண்டியின் சத்தம் பிடிபட்டது, எந்த இடத்தில் கியரைக் குறைக்க வேண்டும் என்று அதுவே சொன்னது.

ஆனால் வேறொரு தொல்லை வந்தது. வேன் உருண்ட வளைவு எது என்று அவளுக்குத் தெரியாது. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். "மழையில ஒண்ணும் தெரியல. ரெண்டு மூணு எடம் மனசுல வருது, எல்லாமே அதுதான்னு தோணுது" என்பான். அதனால் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு அந்த வளைவாகவே தெரிந்தது. தடுப்புக் கம்பி புதிதாக இருந்த ஓரிடத்தில் வண்டியை நிறுத்திக் கீழே எட்டிப் பார்த்தாள். உன்னிச்செடிப் புதர், அதற்குக் கீழே சவுக்கு மாதிரி உயர்ந்த மரங்கள். ஒரு மரம் ஒடிந்திருந்தது. இதுதான் என்று தோன்றியது. கும்பிட்டாள். அடுத்த கிலோமீட்டரில் இன்னொரு புதுக் கம்பி, இன்னொரு ஒடிந்த மரம். அங்கேயும் நிறுத்தினாள். மூன்றாவது இடத்தில் நிறுத்தவில்லை, ஆனால் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் எதிரே வந்த பால் வண்டிக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

பெருமாள்மலைக்குப் போவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனாள். கொஞ்ச தூரம் போனதும் பாதை இறங்க ஆரம்பித்தது. கொடைக்கானலுக்கு ஏறத்தானே வேண்டும், எதற்கு இறங்குகிறது என்று யோசித்துக்கொண்டே இறங்கினாள். ஒரு டீக்கடை தெரிந்ததும் நிறுத்திக் கேட்டாள்.

"கொடைக்கானலா? இது வத்தலக்குண்டு போற ரோடும்மா. பெருமாள்மலையில வலது பக்கம் திரும்பியிருக்கணும்" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். "ஊருக்குப் புதுசா?"

"இல்லங்க. இந்த மலைதான் எனக்குச் சொந்த ஊரு."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டீயை நீட்டினார். குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்து எத்தனையோ தடவை வந்த வழி. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் வழியைத் தெரிந்துகொண்டதாக ஆகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொடைக்கானலைத் தாண்டி, பைன் மரக் காட்டைத் தாண்டியதும் பனி விலகியது. பூம்பாறைக்கு மேலே ஒரு வளைவில், ஊரைப் பார்க்க எல்லோரும் வண்டியை நிறுத்துகிற இடத்தில் அவளும் நிறுத்தினாள். கீழே படிப்படியாக வயல்கள். ஒன்று பச்சை, ஒன்று உழுத மண், ஒன்று பூண்டுத் தாள் காய்ந்த மஞ்சள். நடுவில் நெருக்கமாக வீடுகள், கோயில் கோபுரம்.

பக்கத்தில் ஒரு வாடகை புல்லட் நின்றது. அதன்மேல் சாய்ந்துகொண்டு ஒரு பெண் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். மணிமேகலையின் வயதோ, ஒன்றிரண்டு கூடவோ இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்திருந்தாள், நரைத்த குட்டை முடி. வெளிநாட்டுக்காரி. மணிமேகலையின் வண்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பின்சீட்டில் யாருமில்லாததைப் பார்த்தாள். சிரித்தபடி ஒரு சுளையை நீட்டினாள். பிறகு கைப்பேசியை எடுத்து அதில் ஏதோ பேசினாள். கைப்பேசி தமிழில் சொன்னது:

"வணக்கம். நான் கியோகோ. ஜப்பான். குழந்தைக் கடவுளின் பழமையான ஆலயம் அதுவா? பெண் தனியாக நுழைவது தவறா?"

"தப்பெல்லாம் இல்ல. நானும் அங்கதான் போறேன். வாங்க" என்றாள் மணிமேகலை. கைப்பேசி அதை என்னவாக மாற்றிச் சொன்னதோ, கியோகோ உடனே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்குள் இறங்கின.

கோயில் வாசலில் பூவும் மலைப்பூண்டும் சேர்த்து விற்கிற ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெயர் அன்னக்கொடி. மணிமேகலையை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ பூண்டி சுப்புராஜ் மகதானே? மூக்கைப் பாத்தாலே தெரியுதே" என்றாள்.

"ஆமா. ஒரு வேண்டுதல். முடி குடுக்கணும். எடுக்கிற ஆள் இருப்பாரா?"

"அவன் மன்னவனூருக்குக் காதுகுத்துக்குப் போயிட்டான். பொழுது சாயத்தான் வருவான். என்ன வேண்டுதல்?"

"வீட்டுக்காரருக்கு ஆக்சிடென்ட் ஆச்சுல்ல. அதுக்கு."

அன்னக்கொடி பூக்கட்டுவதை நிறுத்தினாள். "அதுக்குத்தான் உன் தம்பி அப்பவே வந்து மொட்டை போட்டுட்டுப் போயிட்டானே. நான்தான் சந்தனம் எடுத்துக் குடுத்தேன். அக்கா வீட்டுக்காரருக்குன்னான்."

மணிமேகலைக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சமயத்தில் ஜெயமுருகன் மொட்டைத் தலையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது நினைவிருக்கிறது. கேட்டதற்கு, தலையில் பொடுகு என்றான். அப்போது அவள் மேற்கொண்டு விசாரிக்கிற நிலையில் இல்லை. கோயில் சுவர் ஓரமாக, சிக்னல் கிடைக்கிற இடம் தேடி நின்று அவனைக் கூப்பிட்டாள்.

"ஏலே, நீ பூம்பாறையில மொட்டை போட்டியா?"

அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் சத்தம். அது நின்ற பிறகு, "யாரு சொன்னா?" என்றான்.

"போட்டியா இல்லையா?"

"போட்டேன். மாமாவுக்குத்தான்."

"நான் வேண்டிக்கிட்டதுக்கு நீ எப்படிடா போடலாம்?"

"நீ வேண்டிக்கிட்டதுக்கு இல்லக்கா. நான் தனியா வேண்டிக்கிட்டேன். ஒனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு."

அவள் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினாள். "சரி, அதை விடு. நான் வேலப்பான்னு கூப்பிட்டேன்னு சொன்னியே. நல்லாக் காதுல விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

"அப்பான்னு முடிஞ்சுது. அது நல்லாக் கேட்டுச்சு."

"முன்னாடி?"

"முன்னாடி ஸ்ட்ரெச்சரை தள்ளிக்கிட்டு வந்தாங்க, சத்தம். நானா வேலப்பான்னு எடுத்துக்கிட்டேன்."

"வெறும் அப்பாவா இருந்தா?"

ஜெயமுருகன் யோசித்தான். "இருக்கலாம். நம்ம அப்பா போயி அப்ப ஒரு வருசம்கூட ஆகலை. நீ அப்பாவைத்தான் கூப்பிட்டியோ என்னவோ." பிறகு, "அக்கா, நீ எங்க இருக்க? பூம்பாறையிலயா? யாரு கூட?" என்றான். அவள் அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள வந்தவளுக்கு மூன்றாவதாக ஒன்று முளைத்துவிட்டது. அப்பாவைக் கூப்பிட்டிருந்தால் முடியை யாரிடம் கொடுப்பது? அவர் கோயில் கட்டிக்கொண்டு எங்கேயும் உட்காரவில்லை. பூண்டியில் காட்டுக்கு ஓரமாகப் புதைத்த இடத்தில் இப்போது தம்பி பீன்ஸ் போட்டிருக்கிறான்.

"நடை சாத்தப் போறாங்க, வெரசாப் போ" என்று அன்னக்கொடி பூவைக் கையில் திணித்தாள்.

உள்ளே கூட்டமில்லை. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார்.

"வேல்ராஜ். விசாக நட்சத்திரம்."

"வேண்டுதலா?"

"ஆமா சாமி. ஆனா இங்க வேண்டிக்கிட்டேனா, பழனியிலயான்னு தெரியல. ரெண்டுமே இல்லையோன்னும் இருக்கு. உங்களுக்கு எதாவது தோணுதுங்களா?"

குருக்கள் அவளை நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர். ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்று வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். "அதை நான் எப்படிம்மா சொல்றது?" என்று மட்டும் சொல்லி உள்ளே திரும்பினார்.

தீபம் உயர்ந்தது. சின்ன உருவம், சின்ன முகம். நேரில் நின்றால் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். வேலப்பா என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஆமாம், இப்படித்தான் கத்தினோம் என்று தோன்றியது. ஆண்டவா என்று சொல்லிப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான் தோன்றியது. அப்பா என்று சொன்னபோது மட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அது அந்தச் சொல்லுக்கு எப்போதும் வருகிற தண்ணீர்தான், அத்தாட்சி ஆகாது.

பக்கத்தில் கியோகோ தன் ஊர் வழக்கப்படி இரண்டு தடவை இடுப்பை வளைத்து வணங்கினாள். பிறகு கை தட்டப்போவதுபோல இரண்டு கைகளையும் விரித்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டு மணிமேகலை எப்படி நிற்கிறாள் என்று பார்த்தாள். அதைப் பார்த்து அவளும் கைகூப்பினாள்.

வெளியே வந்ததும் மணிமேகலை யோசித்தாள். முடி எடுக்கிறவருக்காகப் பொழுது சாயும்வரை இருந்தால் இருட்டில் மலை இறங்க வேண்டும். பாதையில் காட்டெருமை நிற்கும். வெறுங்கையோடு திரும்பவும் மனசில்லை.

"பூமுடி குடுத்துட்டுப் போயேன். பொம்பளைங்களுக்கு அது போதும்" என்றாள் அன்னக்கொடி. நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுப்பதைத்தான் பூமுடி என்பார்கள். ஆனால் கத்தரிக்கோல் இல்லை. அன்னக்கொடியிடம் இருந்தது பூண்டுத் தாள் அறுக்கிற மொட்டைக் கத்தி.

மணிமேகலை கியோகோவின் பக்கம் திரும்பி விரல்களால் கத்தரித்துக் காட்டினாள். கியோகோ பையைத் துழாவி, மருந்துப் பெட்டிக்குள்ளிருந்து சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை எடுத்தாள். நீட்டியவளிடம், இல்லை, நீங்களே வெட்டுங்கள் என்று மணிமேகலை பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள். கியோகோ மிரண்டுபோனாள். கைப்பேசியில் பேசினாள்.

"உங்கள் தலைமுடி மிகவும் ஆரோக்கியமானது. அதற்கு என்ன குற்றம்?"

"குத்தம் ஒண்ணுமில்ல. சாமிக்கு."

"எந்தச் சாமி?"

மணிமேகலை பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். "தெரியல" என்றாள்.

கைப்பேசி ஜப்பானிய மொழியில் அதைச் சொன்னது. கியோகோ சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். எவ்வளவு என்று விரல்களை விரித்துக் காட்டிக் கேட்டாள். மணிமேகலை அதைவிட அதிகம் காட்டினாள். கத்தரிக்கோல் சிறியது, பின்னல் தடிமன், நெடுநேரம் பிடித்தது. கடைசியில் ஒரு சாண் முடி கையோடு வந்தது. அன்னக்கொடி அதை வாழை இலையில் வாங்கி, மஞ்சள் தூவி, உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தாள். மணிமேகலை ஏதோ இறங்கும், லேசாகும் என்று காத்திருந்தாள். கழுத்துக்குப் பின்னால் குளிர் காற்று பட்டதைத் தவிர ஒன்றும் இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் இருவரும் சுவர் ஓரம் உட்கார்ந்து, மணிமேகலை கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். மலைப்பாதையில் வேல்ராஜின் வேன் உருண்டதை அவள் கைப்பேசி வழியாகச் சொன்னாள். கியோகோ தன் ஊரில் லீவு நாள்களில் இப்படித்தான் தனியாக வண்டியில் பழைய கோயில்களுக்குப் போவாளாம். காலையில் போய், வணங்கி, சாயங்காலம் வீடு.

"என்ன வேண்டிக்குவீங்க?"

"ஒன்றும் கேட்பதில்லை. வந்துவிட்டேன் என்று மட்டும் சொல்வேன்."

"வீட்டுக்காரர் வரமாட்டாரா?"

கியோகோ நீளமாக ஏதோ சொன்னாள். கைப்பேசி யோசித்துவிட்டுச் சொன்னது: "என் கணவர் வெளியே போயிருக்கிறார். ஆறாவது குளிர்காலம். கடல் பக்கம்."

செத்துப்போனாரா, விட்டுவிட்டுப் போனாரா, கப்பலில் வேலையா? முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை. ஆறுதல் சொல்வதா, நல்லது என்று சொல்வதா என்று புரியாமல் மணிமேகலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கியோகோவும் விடவில்லை. இரண்டுக்கும் பொதுவாக அதுதான் செய்ய முடிந்தது. நம்பரை வாங்கிக்கொண்டு, கொடைக்கானல் ஏரி அருகே கை காட்டிப் பிரிந்தார்கள்.

இரண்டாவது கியரிலேயே இறங்கி வீடு சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பாப்பம்மாள் மருமகளின் பின்னலைத்தான் முதலில் பார்த்தாள்.

"எங்க குடுத்த?"

"பூம்பாறையில, அத்தை. பூமுடிதான். பழனிக்கும் குடுத்துருவேன். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் ஆண்டவான்னு சொன்னது உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சா?"

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தாள். பாப்பம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். "அன்னிக்கு நீ மட்டுமா கத்துன? நானுந்தான் கத்துனேன். உன் தம்பியும் தலையில அடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னான். மூணு பேரும் ஒரே நேரத்துல. எது எந்த வாயில வந்துச்சுன்னு நான் எங்கத்தா கண்டேன்? என் காதுல ஆண்டவான்னு விழுந்துச்சு. நான் சொன்னதே எனக்குக் கேட்டுச்சோ என்னமோ."

"அப்புறம் ஏன் அத்தை இத்தனை நாளு அடிச்சுச் சொன்னீங்க?"

"அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னேன். நீ எங்க வீட்டுப் பிள்ளையாச்சே."

மணிமேகலைக்கு அதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. வண்டியை உள்ளே ஏற்றி நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை வேல்ராஜ் மலைக்குப் போனான். அன்று விடுதியில் ஒருவருக்குச் சாவியை மாற்றிக் கொடுத்தாள், இன்னொருவரை ரோப் காருக்குப் பதில் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவைத்தாள். அவன் பொழுது சாய்ந்து வந்து, "கிளட்ச் சரியில்ல அந்த வண்டியில" என்று முணுமுணுத்துக்கொண்டே கை கழுவினான். அடுத்த வாரமும் போனான், அதற்கடுத்த வாரமும். பழனிமலையில் அவள் முடி கொடுத்தது தைப்பூசக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு. அங்கேயும் பூமுடிதான். மொட்டை என்று சொன்ன வார்த்தை இன்னும் அப்படியே கிடந்தது. எங்கே என்று தெரிந்தால் போட்டுவிடலாம்.

அந்த வாரத்தில்தான் கியோகோவிடமிருந்து ஒரு படம் வந்தது. பனி விழுந்த ஒரு பாதை, சிவப்பு மர வாசல், அதன் முன்னால் ஒரு வண்டி. கீழே தமிழில்: "இன்று பழைய ஆலயம். உங்கள் கணவரின் சாலைக்காக இரண்டு முறை குனிந்தேன். இங்கே எந்தக் கடவுள் என்று பலகையில் எழுதியிருந்தது. படிக்க முடியாத பழைய எழுத்து."

வேல்ராஜ் எட்டிப் பார்த்தான். "யாரு இது?"

அதைச் சொல்ல ஆரம்பித்தவளுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வராந்தா, கூந்தல், அத்தை சொன்னது, தம்பி சொன்னது, தம்பியின் மொட்டை, கடைசியாக அப்பா. 

"ஒருவேளை எங்கப்பாவைத்தான் கூப்பிட்டேனோ என்னவோ" என்று முடித்தாள்.

வேல்ராஜ் காலை நீட்டித் தகடு வைத்த இடத்தைத் தடவிக்கொண்டான். "மாமாதான் வந்து காப்பாத்துனாருன்னா நம்பலாம். மனுசன் ஒரு சோலியையும் பாதியில விட்டதில்ல" என்றான். முகம் மாறவில்லை. அவன் கேலி செய்கிறானா, மெய்யாகத்தான் சொல்கிறானா என்று மணிமேகலை அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அவன் மறுநாள் டிரிப்புக்கு டீசல் போட வேண்டும் என்று சொல்லி எழுந்து வெளியே போனான்.